முட்டையை எண்ணும் ஊரில்

நாமக்கல் பக்கம் பொழுது விடிவதே முட்டை விலையோடுதான். எத்தனை பைசா ஏறியது, எத்தனை பைசா இறங்கியது என்று கேட்காமல் டீக்கடையில் யாரும் கிளாஸைக் கீழே வைப்பதில்லை. கோழி வளர்க்காதவர்களும் கேட்பார்கள். லாரி ஓட்டுபவர், தீவனக் கடைக்காரர், அட்டை விற்பவர் என்று எல்லார் வீட்டு உலையும் அந்த விலையில்தான் கொதிக்கிறது. நான் ஒரு கோழிப்பண்ணையில் 26 வருஷம் கணக்கு எழுதினேன். அட்டைக்கு 30 முட்டை. கூண்டிலிருந்து வந்தது எத்தனை, உடைசல் எத்தனை, லாரியில் ஏறியது எத்தனை என்று சாயங்காலம் மூன்றும் ஒத்துவர வேண்டும். ஓர் அட்டை இடித்தால்கூட வீட்டுக்குக் கிளம்ப முடியாது.

அதே 26 வருஷமும் நான் பண்ணைக்குப் போய்வந்த வழியில், வேலிக்குள்ளும் காட்டுக்குள்ளும் வேறு இரண்டு வகை முட்டைகள் இருந்தன. இரண்டும் புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரியவை. ஒன்று சூளையிலிருந்து அப்போதுதான் எடுத்த செங்கல்போல் சிவந்து பளபளப்பது. மற்றது நீலமும் பச்சையும் கலந்த வெளிர்நிறம். அதன்மேல் பழுப்பு மையை உதறிவிட்டதுபோல் புள்ளியும் இழையும். எந்த ஏட்டிலும் அவற்றுக்கு ஒரு வரி இல்லை. முட்டையை எண்ணியே பிழைக்கும் ஊரில் இந்த இரண்டையும் ஒருவரும் எண்ணவில்லை. நானும் எண்ணவில்லை.

செங்கல் நிற முட்டை சாம்பல் கதிர்க்குருவியுடையது. புள்ளி முட்டை சாதாக் கதிர்க்குருவியுடையது. இந்தப் பெயர்களை நான் தெரிந்துகொண்டது ஐம்பது வயதைத் தாண்டி, புத்தகம் பார்த்து. அதுவரை எங்கள் வீட்டில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான்: சிட்டு. தேன்சிட்டும் சிட்டு, தையல்சிட்டும் சிட்டு. கைக்குள் அடங்குகிற எதுவானாலும் சிட்டு. கோழியில் எத்தனை ரகம், எந்த ரகம் எத்தனையாவது வாரத்தில் முட்டைக்கு வரும் என்று தூக்கத்திலும் சொல்லக்கூடிய நாங்கள், வேலியில் கத்துகிற குருவிகளையெல்லாம் ஒரே சொல்லில் போட்டு மூட்டை கட்டிவிட்டோம்.

பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் அவ்வளவு ஒன்றும் ஒத்திருக்காது. உருவம் கிட்டத்தட்ட ஒன்று. சாணுக்கும் குறைவான உடம்பு, அதில் பாதிக்கு வால். இரண்டும் வாலைத் தூக்கி ஆட்டும். ஆனால் சாம்பல் கதிர்க்குருவிக்குத் தலையும் முதுகும் சாணிச் சாம்பலின் அடர்நிறம், வயிற்றோரம் இளஞ்செம்மை, கண் சிவப்பு. சாதாக் கதிர்க்குருவிக்கு உடம்பெல்லாம் காய்ந்த புல்லின் பழுப்பு. கண்ணுக்குமேல் வெளுத்த புருவம் ஒன்று, சுண்ணாம்பை விரலால் தீற்றியதுபோல். முந்தையது செடியை விட்டுப் பறக்கும்போது 'சடக் சடக்' என்று ஏதோ ஒடிகிற சத்தம் கேட்கும். பிந்தையது கதிரின் உச்சியில் உட்கார்ந்து, வெட்டுக்கிளி கத்துகிறதோ என்று நாம் ஏமாறுகிற மாதிரி, வறண்ட ஒரு சத்தத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

கூட்டிலும் கை வேறு. சாம்பல் கதிர்க்குருவி அகன்ற இலைகளைத் தேடும். இலையோரத்தில் துளையிட்டு, சிலந்தி நூலாலும் பஞ்சாலும் சேர்த்துத் தைத்து, அதற்குள் கூடு வைக்கும். சாதாக் கதிர்க்குருவி புல்லைக் கிழித்து நாராக்கி, நிற்கிற தட்டைகளுக்கு நடுவே சுருக்குப்பைபோல் பின்னும். ஒன்று தையல்காரி, மற்றது பாய் முடைகிறவள். தையல்காரிக்கு ஒரு கத்தரிச்செடியோ பருத்திச்செடியோ வீட்டோரத்துப் பூச்செடியோ போதும். பாய் முடைகிறவளுக்குப் புல் வேண்டும், நிற்கிற கதிர் வேண்டும். இரண்டும் ஒரே வேலியில் திரிவதும் உண்டுதான். என்றாலும் குடித்தனம் என்று வரும்போது ஒன்றுக்கு இலை, மற்றதற்குப் புல்.

இரண்டுக்கும் அறிவியல் பெயர் வைத்தவர் ஒருவரே. வைத்த வருஷமும் ஒன்றே, 1832. வில்லியம் ஹென்றி சைக்ஸ் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரி. பம்பாய் அரசாங்கத்துக்காகத் தக்காணப் பகுதியின் புள்ளிவிவரங்களைச் சேகரிக்கும் வேலையில் இருந்தவர். சாம்பல் குருவிக்கு அவர் கொடுத்த லத்தீன் பெயர் 'சோசியாலிஸ்', கூடிப் பழகுவது என்று பொருள். மற்றதற்கு 'இனோர்னாட்டா', அதாவது அலங்காரம் இல்லாதது. கணக்கெடுக்க வந்த அயலூர் மனிதர் வேலிக்குருவி இரண்டையும் தனித்தனி வரியில் எழுதினார். கணக்குப்பிள்ளையாகவே வாழ்ந்த நான் இரண்டையும் சேர்த்து ஒரே வரியில்கூட எழுதவில்லை.

தெரியாமல் போயிற்று என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. அதுதான் உறுத்துகிறது.

ராசிபுரத்துக்கும் சேந்தமங்கலத்துக்கும் நடுவில், கிழக்கே கொல்லிமலை நீலமாகத் தெரிகிற மேட்டுநிலத்தில் எங்கள் அம்மாயி வீட்டுக் காடு. எங்கள் பக்கத்தில் அம்மாவின் அம்மாவை அம்மாயி என்றும் மானாவாரி நிலத்தைக் காடு என்றும்தான் சொல்வோம். சோளம் பால் பிடிக்கிற சமயத்தில் பள்ளிக்கூட லீவு வந்தால் நான் பரண்மேல் இருப்பேன். கையில் உண்டிவில், பக்கத்தில் தட்டுவதற்கு ஓட்டைத் தகரம். கிளி வரும், சில்லை வரும், தூக்கணாங்குருவி கூட்டமாக வந்து இறங்கும். எனக்கு எல்லாமே திருடர்கள். ஒருநாள் வெளுத்த புருவக்காரி ஒருத்தி கதிர்மேல் வந்து உட்கார, நான் உண்டிவில்லை இழுத்தேன். கீழிருந்து அம்மாயி சொன்னாள்: "அத அடிக்காத கண்ணு. அது கதிரு திங்காது. பூச்சி பொறுக்குற குருவி."

அன்றைக்கு அவள் இன்னொன்றும் சொன்னாள். "செவத்த முட்டைக்காரி ஊட்டோரம் கட்டும். புள்ளி முட்டைக்காரி காட்டுக்குள்ள கட்டும்." அம்மாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சைக்ஸ் இரண்டு வரியில் எழுதியதை அவள் இரண்டு வாக்கியத்தில் வைத்திருந்தாள். நான் அதை வாங்கி வைத்துக்கொள்ளவில்லை.

வாங்காததோடு நிற்கவும் இல்லை. அதே லீவில், கிணற்று மேட்டுக் கத்தரிச்செடியில் தைத்த இலைக்கூடு ஒன்றைக் கண்டேன். எத்தனை முட்டை என்று பார்க்கத் தையலைப் பிரித்தேன். நான்கு. அத்தனை சிவப்பு முட்டையை நான் பார்த்ததே இல்லை. நான்கையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பையன்களிடம் காட்ட ஓடினேன். வாய்க்காலைத் தாண்டியபோது பையில் ஈரம் தட்டியது. சட்டையைப் பார்த்த அம்மாயி திட்டவில்லை. "எத்தன இருந்துச்சு கண்ணு?" என்றாள். "நாலு, அம்மாயி." "நாலு குருவி பூச்சி பொறுக்கியிருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தகரத்தைத் தட்டப் போனாள்.

என் வயதுக்காரர்கள் எல்லாரிடமும் இப்படி ஒரு சட்டைப்பை இருக்கும். சிறுவயதுக் குறும்பு என்று சிரித்துக்கொள்வோம். அந்தக் குறும்பால் குருவி அழியவில்லை என்பதும் உண்மை. கூடு போனால் இன்னொரு கூடு கட்டும். நாம் பெரியவர்களான பிறகு செய்ததுதான் வேறு. அதில் குறும்பு எதுவும் இல்லை. யோசித்து, கணக்குப் போட்டு, வசதி பார்த்துச் செய்தோம்.

முதலில் சோளத்தை விட்டோம். கம்பும் சோளமும் ஆள் கேட்கிற வெள்ளாமை. விதைக்க ஆள், களையெடுக்க ஆள், காவலுக்கு ஆள், கதிர் அறுக்க ஆள். சம்பாதிக்கப் போன பிள்ளைகள் பரண் ஏறுவார்களா? குச்சிக்கிழங்கு அப்படியில்லை. நட்டுவிட்டுப் பத்து மாதம் பொறுத்தால் லாரி காட்டுக்கே வந்து ஏற்றிக்கொள்ளும். சேலத்தில் 1981-ல் ஜவ்வரிசி ஆலைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் தொடங்கிய பிறகு, அந்தக் கிழங்கிலிருந்து எடுக்கும் ஜவ்வரிசிக்கென்று ஒரு சந்தையும் நிலைத்தது. ஆத்தூரிலிருந்து ராசிபுரம் வரை காடுகள் கிழங்குக்கு மாறின. அதில் வந்த பணத்தில்தான் என் மாமன் மகள்களுக்குக் கல்யாணம் நடந்தது. என் தம்பி காலேஜ் படித்தான். அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. மாறியபோது கதிர்க்காடு இல்லாமல் யார் வீடு போகும் என்று ஒரு கணம்கூட நினைக்கவில்லையே, அதைத்தான் சொல்கிறேன். நான்கு பாத்தி சோளம் ஓரத்தில் நிற்கட்டும் என்று விட்டிருந்தால் எந்தக் கல்யாணமும் நின்றிருக்காது.

பிறகு வேலியை எடுத்தோம். எங்கள் பக்கத்து வேலி என்றால் கிளுவை. போத்து நட்டால் முளைத்துக்கொள்ளும். முள்ளோடு முள் பின்னி ஆடு நுழையாத அரணாகும். அதன்மேல் கோவைக்கொடி, வேலிப்பருத்தி, பிரண்டை ஏறும். காலடியில் கொழுக்கட்டைப் புல்லும் ஆவாரையும் நிற்கும். வருஷத்துக்கு ஒருமுறை கவாத்து செய்ய வேண்டும் என்பதுதான் தொந்தரவு. அந்த ஒருநாள் வேலைக்குச் சடைந்துகொண்டு, கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்தோம். பொக்லைன் ஒரே மத்தியானத்தில் மூன்று தலைமுறை வேலியைப் பெயர்த்துக் குவித்தது. குவியலுக்குத் தீ வைத்தபோது நானும் நின்று பார்த்தேன். காடு பளிச்சென்று ஆகிவிட்டது என்று மெச்சினேன். வேலி அகன்றதில் கிடைத்த மூன்றடி நிலத்துக்காகச் சந்தோஷப்பட்டேன்.

அதற்கப்புறம் புல்லு மருந்து வந்தது. களையெடுக்க ஆள் தேடி அலைய வேண்டாம். ஒரு டேங்க் கலக்கி அடித்தால் வரப்பு மூன்றே நாளில் வெளுத்துவிடும். காட்டுக்குள் அடித்ததோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. வரப்புக்கும் அடித்தோம், வாய்க்கால் கரைக்கும் அடித்தோம், தடத்தோரத்துக்கும் அடித்தோம். மாட்டுக்குப் புல் வேண்டியிருந்த காலத்தில் வரப்புப் புல்லுக்குச் சண்டை நடக்கும். மாட்டை விற்றுப் பால் பாக்கெட் வாங்கத் தொடங்கியதும் அதே புல் நமக்குக் குப்பையாகத் தெரிந்தது. வரப்பில் புல் நிற்கிற காட்டுக்காரனைச் சோம்பேறி என்று பேசினோம். அந்தப் பேச்சுக்குப் பயந்தே மருந்து அடித்தவர்களும் எங்களில் உண்டு. நான் அதில் ஒருவன்.

பூச்சி மருந்து தனிக்கதை. சில கிராமே இருக்கிற குருவி, குஞ்சுக்குப் பூச்சியைத்தான் ஊட்ட வேண்டும். பச்சைப் புழு, அந்துப்பூச்சி, எறும்பு, வண்டு என்று அது பொறுக்குகிற அத்தனையும் நம் மருந்துப் பட்டியலில் இருந்தன. கூலி வாங்காமல் வேலை செய்தவர்களின் சாப்பாட்டில் விஷத்தை வைத்துவிட்டு, பூச்சி கட்டுக்கடங்கவில்லை என்று இன்னொரு பாட்டில் வாங்கினோம். 2020-ல் கேரளத்தில் தென்பட்ட மாவுப்பூச்சி சேலம், நாமக்கல் கிழங்குக் காடுகளுக்கும் பரவி நுனிகளைச் சுருட்டியபோது கதிகலங்கிப் போனோம். ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவித்த ஒரு துளியளவு ஒட்டுண்ணிக் குளவியை 2022-ல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளியிட்டார்கள். அந்த மாவுப்பூச்சியைக் கதிர்க்குருவி அடக்கியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. அது வேறு நாட்டுப் பூச்சி, அதற்கு அந்தக் குளவிதான் சரி. ஆனால் பூச்சி தின்கிற ஓர் உயிர் எவ்வளவு பெறுமானமுள்ளது என்பதைக் கடல் கடந்து வந்த குளவி அல்லவா நமக்குக் காட்ட வேண்டியிருந்தது? வேலியில் இருந்தவற்றுக்கு நாம் ஒரு பெயர்கூட வைத்திருக்கவில்லை.

இத்தனைக்கும் பிறகு, ஏதோ குறைகிறது என்று ஏன் நமக்குத் தோன்றவில்லை? இந்தக் கேள்வியோடு நான் பல நாள் உட்கார்ந்திருக்கிறேன். பதில் வீட்டு வாசலிலேயே இருந்தது. எங்கள் வாசலில் செம்பருத்திச் செடி உண்டு. அதில் சாம்பல் கதிர்க்குருவி ஒன்று தினமும் வரும். வாலை ஆட்டும், 'டீ டீ' என்று மூக்கால் அதட்டும், பால்காரர் வண்டிக்குக்கூடப் பயப்படாது. அதைப் பார்த்து நாங்கள், "சிட்டெல்லாம் இருக்குதே, எங்க போச்சு?" என்று சொல்லிக்கொண்டோம். செவத்த முட்டைக்காரி வீட்டோரம் இருந்ததால், புள்ளி முட்டைக்காரி காட்டைக் காலி செய்துவிட்டுப் போனது தெரியவில்லை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தவனுக்கு ஒன்று போனால் எப்படித் தெரியும்? மிச்சம் இருப்பது வந்து போனதன் கணக்கையும் நிரப்பிவிடுகிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சாதாக் கதிர்க்குருவி உலகத்திலிருந்து மறைந்துகொண்டிருக்கிற பறவை இல்லை. புல்லும் கரும்பும் நாணலும் இருக்கிற இடங்களில் நன்றாகவே இருக்கிறது. மோகனூர்ப் பக்கம் காவிரிக் கரையோரம் நானே கேட்டிருக்கிறேன். நான் பேசுவது எங்கள் மேட்டுக்காட்டைப் பற்றி மட்டும். சாம்பல் கதிர்க்குருவியோ நன்றாகப் பிழைத்துக்கொண்டிருக்கிறது. சுமார் 30,000 பறவை ஆர்வலர்களின் பதிவுகளைக் கொண்டு 942 வகைகளை ஆராய்ந்து 2023-ல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, எங்கும் ஒத்துப்போய் வாழத் தெரிந்தவை செழிப்பதாகச் சொல்லி, மாடப்புறா, குயில், மயிலோடு சாம்பல் கதிர்க்குருவியையும் சேர்த்தே குறிப்பிடுகிறது. ஒரே வகை நிலத்தை நம்பி வாழ்கிறவைதான் சிரமப்படுகின்றன என்றும் சொல்கிறது. அம்மாயியின் இரண்டு வாக்கியங்களை வளர்த்து எழுதினால் அந்த அறிக்கையின் ஒரு பக்கம் வரும்.

இதை யோசிக்கும்போது மத்திய அமெரிக்காவில் நடந்த ஒரு சங்கதி நினைவுக்கு வரும். அங்கும் தென் அமெரிக்காவிலும் உள்ள காடுகளில் எறும்புப் பறவைகள் என்று ஒரு குடும்பம், 200-க்கும் மேற்பட்ட வகைகள். அவற்றில் சில, படையெடுத்து நகரும் எறும்புக் கூட்டத்தின் கூடவே போகும். எறும்பைத் தின்பதற்கு அல்ல. எறும்புக்குப் பயந்து வெளியே குதிக்கிற பூச்சிகளைப் பிடிக்க. ஏர் ஓட்டும்போதும் டிராக்டர் ஓட்டும்போதும் பின்னாலேயே வரும் மைனாவையும் கரிச்சானையும் நினைத்துக்கொண்டால் போதும். பனாமா கால்வாய்க்காக ஆற்றை அணைகட்டித் தேக்கியபோது ஒரு குன்று தனித்துத் தீவானது. பாரோ கொலராடோ என்று பெயர். எட்வின் வில்லிஸ் என்ற ஆய்வாளர் 1960-களில் அங்கே எறும்புப் பறவைகளின் காலில் வண்ண வளையம் மாட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியே அறிந்து குறித்துவைத்தார். எறும்பையே முழுக்க நம்பியிருந்த ஒரு வகை, உடம்பெல்லாம் கண்கண்ணாகக் கோலம் கொண்டது, அவர் பார்க்கப் பார்க்கவே குறைந்து தீவிலிருந்து மறைந்தது. எறும்பு இல்லாமலும் இரை தேடத் தெரிந்த புள்ளி எறும்புப் பறவை தங்கிவிட்டது. பல வருஷம் கழித்து அங்கே போன ஆய்வாளர்கள், அந்தப் புள்ளிப் பறவையின் எண்ணிக்கை கூடியிருப்பதையும், முன்னைவிட அதிகமாக எறும்புகளின் பின்னால் போவதையும், போனதன் இடத்தை அது கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புவதையும் கண்டார்கள்.

இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர் முன்னமே இருந்ததால்தான் அந்தக் கதையே நமக்குக் கிடைத்தது. இல்லாவிட்டால், "எறும்புக்குப் பின்னால் குருவி போகிறதே, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது" என்று அந்தத் தீவையும் யாராவது கடந்து போயிருப்பார்கள், நான் செம்பருத்தியைக் கடந்து போனதுபோல. எங்கள் காட்டில் புள்ளி முட்டைக்காரி எந்த வருஷம் கடைசியாகக் கூடு வைத்தாள்? சோளம் போன வருஷமா, வேலி போன வருஷமா, மருந்து வந்த வருஷமா? ஒருவராலும் சொல்ல முடியாது. 1997 ஜனவரி 1 அன்று நாமக்கல் தனி மாவட்டம் ஆனது எல்லாருக்கும் நினைவிருக்கிறது. முட்டை விலை எந்த வருஷம் எவ்வளவு விழுந்தது என்றால் விரலை மடக்கிச் சொல்வோம். இதற்கு மட்டும் தேதி இல்லை. காதுக்கு எட்டிக்கொண்டிருந்த ஒரு சத்தம் நின்றுபோன நாளைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம்.

யாரையாவது கைகாட்டலாம் என்று பார்த்தால் ஆள் கிடைக்கவில்லை. கிளுவையைப் பிடுங்கச் சொல்லி எந்த ஆபீசிலிருந்தும் கடிதம் வரவில்லை. வரப்புக்கு மருந்து அடி என்று எந்தக் கம்பெனியும் என் கையைப் பிடித்து இழுக்கவில்லை. கடையில் போய்க் கேட்டு வாங்கியது நான். எனக்குத் தெரிந்தவரை எங்கள் ஊரில் ஒருவருக்கும் குருவிமேல் பகை கிடையாது. கூடு இருப்பது தெரிந்தால் கைவைக்கத் தயங்குகிறவர்கள்தான் எல்லாரும். தெரியாதபடி பார்த்துக்கொண்டோம். அவசரமாக இருந்தோம். அடுத்த வருஷம் ஓர் ஓரத்தில் சோளம் போடலாம் என்றோம். அடுத்த வருஷமும் அதையே சொன்னோம்.

2020-ல் ஊரடங்கு வந்தபோது பண்ணை வேலையிலிருந்து நின்றுவிட்டேன். கணக்கு எழுதிப் பழகிய கை சும்மா இருக்காது. பழைய பண்ணை நோட்டு ஒன்றில் பக்கத்துக்கு இரண்டு பத்தி கோடு போட்டேன்: 'செவத்த முட்டை', 'புள்ளி முட்டை'. காலையில் காட்டைச் சுற்றிவந்து, கண்ணில் பட்டதையும் காதில் பட்டதையும் எழுதினேன். முதல் பத்தியில் 2, 3, 2 என்று நிறைந்தது. இரண்டாவதில் 0. அடுத்த நாளும் 0. மாதக்கணக்கில் 0. பண்ணைக் கணக்கில் சைபரை நான் வெறுத்திருக்கிறேன். இந்த சைபர் அப்படியில்லை. ஐம்பது வருஷத்தில் முதன்முதலாக அந்தக் குருவிக்கென்று நான் எழுதிய ஓர் எண் அது. இல்லை என்று எழுதுவதற்குக்கூட, இருந்தது என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2015-லிருந்து பொங்கல் சமயத்தில் தமிழ்நாடு முழுக்கப் பறவை ஆர்வலர்கள் கணக்கெடுக்கிறார்கள் என்று ஒரு கல்லூரிப் பையன் சொன்னான். பதினைந்து நிமிஷம் நின்று பார்த்து எழுதினால் போதுமாம். அதில் இப்போது நானும் சேர்ந்துகொள்கிறேன். மாட்டுப்பொங்கலுக்கு வரும் பேரன் பேத்திகள் ஆளுக்கொரு செடியைப் பிடித்துக்கொண்டு எண்ணுகிறார்கள். புருவம் இருக்கிறதா பார், இல்லையா பார் என்று சண்டை போடுகிறார்கள். அவர்கள் 'சிட்டு' என்று சொன்னால், "எந்தச் சிட்டு?" என்று நான் கேட்கிறேன். அம்மாயி என்னிடம் ஒப்படைத்த இரண்டு வாக்கியங்களை நாற்பது வருஷம் தாமதமாக அடுத்த வீட்டில் சேர்க்கிற தபால்காரன் வேலை இது.

காட்டின் மேற்கு ஓரத்தில் கம்பிக்கு உட்புறமாகக் கிளுவைப் போத்து நட்டேன். பாதி பட்டுப்போனது, மீதி துளிர்த்தது. வரப்புக்கு மருந்தை நிறுத்தினேன். முதல் வருஷம், "என்ன, காடு மண்டிக் கெடக்குது?" என்று கேட்டவர்களிடம் உண்மையைச் சொல்லக் கூச்சப்பட்டு, முட்டி வலி என்றேன். இரண்டாவது வருஷம் உண்மையைச் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். ஒருவர் தன் வாய்க்கால் கரைக்கு மட்டும் மருந்தை விட்டுப் பார்த்தார். இதனால் எல்லாம் திரும்பிவிடும் என்று நான் நம்பவில்லை. மூன்று தலைமுறை வேலி மூன்று வருஷத்தில் வராது. இருந்தாலும் தொலைத்தவர்கள் நாமாக இருக்கும்போது, தேடவும் நாமே போவதுதான் முறை.

பக்கத்துக் காட்டு மாமா இரண்டு கறவை மாடு வைத்திருக்கிறார். போன வருஷம் தீவனத்துக்காக அரை ஏக்கர் சோளத்தட்டு விதைத்திருந்தார். ஆவணியில் ஒரு காலை, நோட்டோடு வரப்பில் நடந்துகொண்டிருந்தேன். தட்டுக்குள்ளிருந்து வெட்டுக்கிளி மாதிரி ஒரு சத்தம். வெட்டுக்கிளிதான் என்று இரண்டு எட்டு நடந்துவிட்டேன். பிறகு நின்றேன். தோகையின் உச்சியில், காற்றில் ஆடிக்கொண்டு, வெளுத்த புருவம். வாயில் பச்சைப்புல் நார் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

நோட்டில் எழுதக் கை நடுங்கியது. 1.

மறுவாரம் மாமா அரிவாளோடு வந்தபோது ஓடிப்போய் நின்றேன். "மாமா, அந்த வடகெழக்கு மூலைய மட்டும் ஒரு மாசம் உட்டுருங்க. கூடு கட்டிருக்குது. தட்டு முத்திப் போனா நட்டத்த நான் குடுத்தர்றேன்." அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். காசைப் பற்றிப் பேசவில்லை. மூலையைக் கண்ணால் அளந்துவிட்டு, அடுத்த சாலில் அரிவாளை வைத்தார். கொஞ்ச நேரம் அறுத்த பிறகு நிமிர்ந்து, நாமக்கல்காரருக்கே உரிய கேள்வியைக் கேட்டார்:

"எத்தன முட்ட மாப்ள?"

நாற்பது வருஷத்துக்கு முந்தைய சட்டைப்பையின் ஈரம் விலாவில் தட்டியது.

"தெரியலீங்க மாமா," என்றேன். "நான் பிரிச்சுப் பாக்குல."